இரத்தப் பொருத்தமும் ஒரு ஜாதகமா?

சென்ற கல்வியாண்டில் எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் ஒன்று நடந்தது. "திருமணத்துக்கு முன் பார்க்க வேண்டியது ஜாதகப் பொருத்தமா, இரத்தப் பொருத்தமா?" என்பது தலைப்பு. இயற்பியல் ஆசிரியனான என்னை நடுவராக அமர்த்தியிருந்தார்கள்.

ஜாதக அணியினரின் பாடு திண்டாட்டந்தான். அறிவியல் மன்றத்து மேடையில் ஏறி ஜாதகத்துக்காக வாதாடுவது எளிதன்று. இரத்த அணியினர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார்கள். நானும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தேன். "பத்துப் பொருத்தம் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரே பொருத்தம் பாருங்கள். அது இரத்தப் பொருத்தம். அது பொருந்தாவிட்டால் வேறு எது பொருந்தியும் பயனில்லை" என்று முடித்தேன். அரங்கம் அதிர்ந்தது.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் வந்தார். "சார், என் தம்பிக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறோம். எனக்கு நோய் இல்லை. ஆனால் சோதித்துப் பார்த்தால் என் இரத்தத்திலும் அதன் கூறு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் உங்கள் தீர்ப்புப்படி எனக்குப் பொருத்தமே கிடையாதா?" என்று கேட்டார்.

ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உடன் வந்தது. பிழை அம்மாணவியின் புரிதலில் இல்லை. என் தீர்ப்பில்தான் இருந்தது. அன்று மேடையில் பேசப்பட்டவற்றையும், பின்னர் வகுப்பில் மாணவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டவற்றையும் வைத்து அத்தீர்ப்பை இங்கே மறு ஆய்வு செய்கிறேன். அம்மாணவியின் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவச் சோதனை வேண்டாம் என்பது என் வாதமன்று. ஜாதகத்துக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. இன்றைய இளைஞர்கள் திருமணத்துக்கு முன் சோதனை வேண்டும் என்று சொல்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தச் சோதனையை எந்த மனப்பான்மையோடு வரவேற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரே பிரிவு இரத்தம் ஆகாதா?

முதலில் ஒரு சிறு பிழையைத் தீர்த்துவிடுவோம். இரத்த அணியின் முதல் பேச்சாளர், "கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே இரத்தப் பிரிவு இருந்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கும்" என்றார். கைதட்டினார்கள். நடுவராகிய நானும் திருத்தவில்லை. இதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. உலகில் 'ஓ' பிரிவுத் தம்பதிகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நலமான குழந்தைகளைப் பெற்று வளர்க்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஆர்எச் காரணி ஒன்றே. மனைவி ஆர்எச் நெகட்டிவாகவும் கணவர் பாசிட்டிவாகவும் இருந்தால், முதல் குழந்தைக்குப் பின் வரும் குழந்தைகளுக்குச் சிக்கல் நேரலாம். இதைத் தடுக்கும் 'ஆன்டி-டி' ஊசி மருந்து 1968 முதல் வழக்கத்தில் உள்ளது. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே ஆர்எச் வேறுபாடு, டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்தி, அவ்வளவே. திருமணத்துக்கு அது தடையன்று.

தோஷம் என்ற பழைய சொல்

இனிப் பெரிய பிழைக்கு வருவோம். மேடையில் பேசிய அனைவரும், நான் உட்பட, சோதனை முடிவைத் தேர்வு முடிவுபோல் பாவித்தோம். ஒன்று 'பாஸ்', இல்லையேல் 'பெயில்'. இரத்தத்தில் குறை உள்ளவர், குறை இல்லாதவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்தோம். செவ்வாய் தோஷம் உள்ள பெண், இல்லாத பெண் என்று பிரிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுக்கள் நமக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இணையாக வருகின்றன. இரண்டும் பழுதுபட்டிருந்தால் கடுமையான தலசீமியா நோய் உண்டாகிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் கடுமையான இரத்தச் சோகை தெரியத் தொடங்கும். வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தோடு சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற மருந்தும் உட்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் பழுதுபட்டிருந்தால் அவர் நோயாளி அல்லர்; தாங்கி. அவர் படிக்கலாம், விளையாடலாம், வேலை செய்யலாம். சோதித்தாலொழியத் தாம் தாங்கி என்பதே அவருக்குத் தெரியாது.

தாங்கிகள் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாங்கியாகும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பழுதே இல்லாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கும் வராது என்று கருதுவது தவறு. நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

தாங்கி ஒருவர் தாங்கி அல்லாதவரை மணந்தாலோ, இந்த நோய் குழந்தைக்கு வருவதில்லை. ஜாதகத்தில் தோஷம் உள்ளவரைத் தோஷம் உள்ளவருக்கே சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். மரபணுவில் நேர் எதிர். ஆக, 'பொருந்தாத இரத்தம்' என்று தனி ஒருவரின் உடலில் எதுவும் இல்லை. இருவரைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அபாயம் என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது.

இப்போது அம்மாணவியின் கணக்கைப் போடுவோம். தம்பிக்கு நோய் என்றால் பெற்றோர் இருவரும் தாங்கிகள். அவர்களின் பிள்ளைகளுக்கு நான்கு வாய்ப்புகள். அம்மாணவிக்கு நோய் இல்லை என்பது தெரிந்ததால் அவற்றில் ஒன்று அடிபட்டுப் போகிறது. எஞ்சிய மூன்றில் இரண்டு, தாங்கி. எனவே அவர் தாங்கியாக இருக்கும் நிகழ்தகவு மூன்றில் இரண்டு. தாங்கி என்றே வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் பீட்டா தலசீமியாத் தாங்கிகள் சராசரியாக நூற்றுக்கு மூன்று நான்கு பேர் எனக் கணக்கிட்டுள்ளனர். நான்கு என்றே கொண்டால் 25 பேரில் ஒருவர். ஆகவே முன்பின் அறியாத 25 ஆண்களில் ஏறத்தாழ 24 பேரை மணந்தால் அவர் குழந்தைக்கு இந்த நோயின் அச்சமே இல்லை. எஞ்சிய ஒருவரை மணந்தாலும், வழி அடைபட்டுவிடவில்லை என்பதைப் பின்னர் காண்போம். "எனக்குப் பொருத்தமே கிடையாதா?" என்ற கேள்விக்கு அன்றே நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

இதே கணக்கை நாட்டுக்கும் போடலாம். கணவன் தாங்கியாக இருக்க 25-இல் ஒன்று, மனைவி தாங்கியாக இருக்க 25-இல் ஒன்று, அவர்கள் குழந்தைக்கு நோய் வர 4-இல் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் 2,500-இல் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடிப் பிறப்புகள் என்று கொண்டால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் குழந்தைகள். சில சமூகங்களில் தாங்கிகள் இன்னும் அதிகம். அவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்தும்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் 10,000 முதல் 12,000 குழந்தைகள் வரை என்று வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு இதற்கு அருகிலேயே உள்ளது. சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

தாங்கியாக இருப்பது களங்கமும் அன்று. தலசீமியா மரபணு மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் பரவியிருப்பதைக் கண்டு, தாங்கிகளுக்கு மலேரியாவை எதிர்க்கும் வலிமை இருக்கலாம் என்று 1949-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் கூறினார். பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே அறிஞர்தான். கதிர் அரிவாள் இரத்தச் சோகையின் தாங்கிகளுக்கு அத்தகைய பாதுகாப்பு உண்டென்பதை 1954-இல் ஆலிசன் காட்டினார். நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கதிர் அரிவாள் அணுக்களை 1952-இல் லேமனும் கட்புஷும் கண்டறிந்தனர். இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது அங்குதான். மலேரியாக் காட்டில் தலைமுறை தலைமுறையாக மக்களைக் காத்த ஒரு மாற்றத்தைத்தான் நாம் மேடையேறிக் 'கெட்ட இரத்தம்' என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஏதாவது ஒரு நோய்க்குரிய ஒடுங்கு மரபணுக்கள் சில நம் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றன. எல்லா மரபணுக்களையும் சோதித்தால் இந்தத் தேர்வில் 'பாஸ்' ஆகிறவர் எவரும் இரார், நடுவரும் சேர்த்துத்தான்.

சோதனை பொய் சொல்லாதா?

"ஜோசியர் பொய் சொல்லலாம், சோதனைக்குழாய் பொய் சொல்லாது" என்றார் இரண்டாம் பேச்சாளர். அழகான வாக்கியம். ஆனால் அளவீடு செய்து பழகிய எந்த ஆய்வக மாணவரும் இதை ஒப்புக்கொள்ளக் கூடாது. பிழை இல்லாத அளவீடு என்று ஒன்று இல்லை.

தலசீமியாத் தாங்கிகளைச் சலித்தெடுக்க நம் நாட்டில் பயன்படும் 'நெஸ்ட்ராஃப்ட்' என்ற எளிய சோதனையைப் பாருங்கள். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான் இதன் அடிப்படை. இரத்தச் சிவப்பணு சுமார் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் இயல்பாக இருக்கும். 0.36 விழுக்காடு அளவுக்கு நீர்த்த கரைசலில் அதை இட்டால் நீர் உள்ளே புகும். அணு உருண்டு, உப்பி, வெடிக்கும். வெடித்ததும் குழாயில் உள்ள கலங்கல் தெளிந்து, நீர்மம் தெளிவான சிவப்பாகும். தாங்கியின் அணுக்களோ சிறியவை, தட்டையானவை; பரப்புக்குக் கனஅளவு குறைவு. காற்று முழுதும் அடைக்காத பலூனைப் போல் அவற்றில் இன்னும் இடம் இருக்கிறது. ஆகவே பல அணுக்கள் வெடிக்காமல் தாங்கும். குழாய் கலங்கலாகவே நிற்கும். அரை மணி நேரம் கழித்துக் குழாயின் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பிடிக்கிறார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் தாங்கி அல்லர். மங்கினாலோ மறைந்தாலோ ஐயத்துக்குரியவர்.

எவ்வளவு எளிமை! ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் வரும் சாதாரண இரத்தச் சோகையிலும் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும். அப்போதும் கோடு மறையலாம். நம் நாட்டில், குறிப்பாகப் பெண்களிடம், இரும்புக் குறை எவ்வளவு பரவலானது என்பது அனைவரும் அறிந்ததே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆயிரம் மாணவர்களில் 40 பேர் தாங்கிகள். ஒரு சோதனை தாங்கிகளில் நூற்றுக்கு 95 பேரைச் சரியாகப் பிடிக்கிறது; தாங்கி அல்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல சோதனை என்றுதான் தோன்றும். இது 38 தாங்கிகளைப் பிடிக்கும், இருவரைத் தவறவிடும். தாங்கி அல்லாத 960 பேரில் 96 பேரையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஆக மொத்தம் 134 பேர் கையில் 'ஐயம்' என்ற சீட்டு. அவர்களில் உண்மையில் தாங்கிகள் 38 பேர்தான். மூவரில் ஒருவர்கூட இல்லை!

இதனால் சோதனை பயனற்றது என்று ஆகாது. இது முதற்சல்லடை. இதில் அகப்பட்டவர்களின் ஹீமோகுளோபின் வகைகளைக் கருவியால் பிரித்து அளக்க வேண்டும். ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தாங்கி என்று முடிவு செய்வார்கள். எல்லைக்கோட்டில் நின்றால் மேலும் ஆராய்வார்கள். முதற்சல்லடையின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தத்தை முறித்தால், நிற்கும் மூன்று திருமணங்களில் இரண்டு காரணமின்றி நிற்கும். ஜோசியர் செய்யும் தீங்குக்கு இது எவ்விதத்தில் குறைந்தது?

சட்டம் போட்டால் தீருமா?

"சோதனைச் சான்றிதழ் இல்லாமல் திருமணத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் வேண்டும்" என்று மூன்றாம் பேச்சாளர் கேட்டார். இதுதான் அன்று மிகப் பெரிய கைதட்டலைப் பெற்றது. இதைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. அங்கே நடந்தது என்ன?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1988 ஜனவரி 1 முதல், திருமண உரிமம் கேட்போர் அனைவருக்கும் எச்.ஐ.வி. சோதனையைக் கட்டாயமாக்கியது. முதல் ஆறு மாதங்களில் 70,846 பேர் விண்ணப்பித்தனர். தொற்று இருப்பதாகத் தெரிந்தவர் 8 பேர். செலவு ஏறத்தாழ 25 லட்சம் டாலர். அதற்குள் மாநிலத்தில் உரிமம் பெறுவோர் தொகை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பலர் பக்கத்து மாநிலத்துக்குப் போய் மணம் முடித்துத் திரும்பினர். 1989-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தொற்று அரிதாக உள்ள கூட்டத்தில் எல்லாரையும் கட்டாயமாகச் சோதித்தால் பயன் சிறுத்து, செலவும் தப்பித்தலும் பெருகும் என்பதற்கு இது சான்று.

அங்கேயே 1970-களின் தொடக்கத்தில் கதிர் அரிவாள் சோதனையைச் சில மாநிலங்கள் கட்டாயமாக்கியிருந்தன. நோயாளிக்கும் தாங்கிக்கும் வேறுபாடு அறியாமலே சட்டம் எழுதினார்கள். நலமாயிருந்த கறுப்பின இளைஞர்கள் வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டனர். 1972-இல் வந்த தேசியச் சட்டம், தன்விருப்பச் சோதனையையே வற்புறுத்தியது.

நம் நிலைமைக்கு மிக நெருக்கமானது கிரேக்க நாட்டின் ஆர்கோமெனோஸ் ஊரின் கதை. கதிர் அரிவாள் தாங்கிகள் மிகுந்த ஊர். பெற்றோர் பார்த்துத் திருமணம் முடிக்கும் வழக்கமும் உண்டு. ஊரார் அனைவரையும் சோதித்து, தாங்கியைத் தாங்கி மணக்க வேண்டாம் என்று அறிவுரையும் கூறினர். சில ஆண்டுகள் கழித்து நிலைமையை ஆராய்ந்த ஸ்டமடோயனோபுலோஸ் 1974-இல் எழுதியது நெஞ்சைத் தொடுவது. தாங்கிகள் மீது ஒரு முத்திரை விழுந்திருந்தது. சம்பந்தம் கெட்டுவிடும் என்று அஞ்சிச் சில குடும்பங்கள் முடிவை மறைத்தன. தாங்கியும் தாங்கியும் மணந்த திருமணங்களோ, சோதனையே இல்லாமலிருந்தால் தற்செயலாக எத்தனை நடந்திருக்குமோ கிட்டத்தட்ட அத்தனை நடந்திருந்தன. சோதனையால் மிஞ்சியது முத்திரை மட்டுமே.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சவுதி அரேபியா 2004 முதல் தலசீமியா, கதிர் அரிவாள் சோதனைகளைத் திருமணத்துக்கு முன் கட்டாயமாக்கியது. முடிவு எப்படி இருந்தாலும் மணக்கும் உரிமை உண்டு. அபாயமுள்ள இணைகளில் 2004-இல் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே திருமணத்தைக் கைவிட்டன. 2009-இல் பாதிக்குச் சற்று மேல் கைவிட்டன. ஆகவே பயன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறாண்டுக்குப் பின்னும் ஏறத்தாழப் பாதிப் பேர் மணந்துகொண்டார்கள். முகூர்த்தம் குறித்து, மண்டபம் பேசி, ஊரைக் கூட்டிய பிறகு வரும் சீட்டு எவரையும் நிறுத்துவது கடினம். காலம் தாழ்ந்த அறிவுரையின் பலன் எங்கும் இப்படித்தான்.

இனி சைப்ரஸ் தீவு. அங்கே ஏழு பேரில் ஒருவர் தலசீமியாத் தாங்கி. மேற்சொன்ன முறையில் பெருக்கினால் சுமார் 200 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய். 1983 முதல் அங்குள்ள திருச்சபை, மணமக்களிடம் ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் சோதனையின் முடிவு இருக்காது. சோதித்துக்கொண்டார், ஆலோசனை பெற்றார் என்பது மட்டுமே இருக்கும். தாங்கிகளாக அறியப்பட்ட இணைகளில் மிகப் பெரும்பாலோர் பிரியாமல் மணந்துகொண்டனர். பின்னர்க் கருவுற்றபோது, 11-ஆம் வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசுவின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து, மேற்கொண்டு என்ன செய்வது என்பதைத் தாமே முடிவு செய்தனர். நோயுடன் பிறக்கும் குழந்தைகள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள்.

நம் பட்டிமன்றத்தில் எவருக்கும் தோன்றாத விடை இது. நாங்கள் சோதனையைத் திருமணத்தை நிறுத்தும் கருவியாகவே பேசினோம். சைப்ரஸ் மக்கள் அதைத் திருமணத்துக்குப் பின் விழிப்போடு நடந்துகொள்ளும் கருவியாக்கினார்கள். அந்தச் சோதனை வசதி நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலும் உண்டு.

பேசாமல் விட்ட ஒன்று

நான்கு மணி நேரப் பட்டிமன்றத்தில் ஒருவர்கூடச் சொந்தத்தில் மணப்பதைத் தொடவில்லை. ஏன் என்று ஊகிக்கலாம். அரங்கில் அமர்ந்திருந்த பலரின் பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள்தான். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவில் மணந்தவர்கள்.

நூறு பேரில் ஒருவரிடம் உள்ள ஒடுங்கு மரபணு ஒன்றைக் கொள்வோம். அந்நியர் இருவர் மணந்தால் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு, 100 × 100 × 4, அதாவது 40,000-இல் ஒன்று. மாமன் மகளை மணந்தால், ஒருவரிடம் உள்ள அதே மரபணு மற்றவரிடமும் இருக்கும் வாய்ப்பு 8-இல் ஒன்றாகிவிடுகிறது. தாத்தாவும் பாட்டியும் ஒருவரே அல்லவா? எனவே 100 × 8 × 4; 3,200-இல் ஒன்று. பன்னிரண்டு மடங்குக்கு மேல். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் அந்த 8 என்பது 4 ஆகும். வாய்ப்பு இன்னும் இரட்டிக்கிறது.

இங்கேதான் 'இரத்தப் பொருத்தம்' என்ற சொல் உண்மையிலேயே ஆபத்தாகிறது. "இரத்தம் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை, இனி அத்தை மகனைக் கட்டலாம்" என்று ஒரு மாணவி வகுப்பில் சொன்னார். சோதித்தது தலசீமியா போன்ற ஓரிரண்டைத்தான். சோதிக்காத அரிய நோய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மரபணுத் தொகுதியில் ஒரு மூலையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வீடே வெளிச்சம் என்று எண்ணுவது போன்றது இது.

கை உயர்ந்தது, கை தாழ்ந்தது

பட்டிமன்றத்துக்கு அடுத்த வாரம் என் வகுப்பில் சில கேள்விகள் கேட்டேன். "திருமணத்துக்கு முன் மருத்துவச் சோதனை தேவை என்போர் கை தூக்குங்கள்." எல்லாக் கைகளும் உயர்ந்தன. "நீங்கள் முதலில் சோதித்துக்கொண்டு, முடிவை எதிர்த் தரப்புக்குக் காட்டுவீர்களா?" பல கைகள் தாழ்ந்தன. "மாப்பிள்ளையிடம் சோதனைச் சீட்டைக் காட்டச் சொல்லிப் பெண் வீட்டார் கேட்கலாமா?" மாணவர்கள் சிரித்தார்கள், மாணவிகள் சிரிக்கவில்லை. "நீங்கள் தாங்கி என்று தெரிந்தால் வீட்டில் சொல்வீர்களா?" என்றபோது ஒரு மாணவர், "தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் சார், எப்படிச் சொல்வது?" என்றார்.

முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால், இளைஞர்கள் அனைவரும் சோதனையை ஆதரிக்கிறார்கள் என்று மகிழ்ந்திருப்பேன். இதுபோன்ற கேள்விகளுக்கு நம்மவர் 'ஆம்' என்பது பெரும்பாலும் மரியாதைக்காக. சோதனை அடுத்தவருக்கு, சலுகை நமக்கு என்ற எண்ணம் அடியில் கிடக்கிறது. அந்த 'அடுத்தவர்' பெரும்பாலும் பெண். மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சமமாகத்தான் வருகிறது. பழி மட்டும் சமமாக வருவதில்லை.

முடிவு யாருடையது என்பதும் தெளிவாக வேண்டும். மேடையில் தொற்று நோயையும் மரபு நோயையும் ஒன்றாகவே பேசினார்கள். தொற்று, மணக்க இருப்பவரின் உடலை நேரே தொடுவது. ஆகவே அவருக்கு அறியும் நியாயம் உண்டு. 1998-இல் உச்ச நீதிமன்றம், எச்.ஐ.வி. நிலையை மருத்துவமனை வெளியிட்டதால் ஒருவரின் திருமணம் நின்ற வழக்கில், மணக்கவிருந்த பெண்ணின் நலன் கருதி அது தவறன்று என்றது. ஆனால் அத்தகையோரின் மண உரிமையையே நிறுத்தி வைக்கும்படி அத்தீர்ப்பில் கூறியிருந்தவை தேவையற்றவை என்று 2002-இல் அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது என்கிறது. முடிவை வெளியிடுவதற்கு வரம்பு கட்டுகிறது. துணைவருக்குப் பரவாமல் காக்கும் கடமையையும் தொற்றுள்ளவருக்கு விதிக்கிறது. இன்று எச்.ஐ.வி.க்குக் கட்டுப்படுத்தும் மருந்து உண்டு. மஞ்சட்காமாலை 'பி'க்குத் தடுப்பூசி உண்டு. மரபுத் தாங்கி நிலையோ எவருக்கும் தொற்றாது. அதை ஊருக்கு அறிவிக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. மணக்கப்போகும் இருவர் அறிந்தால் போதும்.

திருத்திய தீர்ப்பு

இப்போது நடுவர் நாற்காலியில் மீண்டும் அமர்ந்தால் இப்படிச் சொல்வேன்.

சோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் வரன் பார்க்கத் தொடங்கிய பிறகு அன்று. கல்லூரியில் படிக்கும்போதே, உங்கள் விருப்பத்தோடு. ஆணும் பெண்ணும் சமமாகச் சோதித்துக்கொள்ளுங்கள். முதற்சீட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்; உறுதிப்படுத்தும் சோதனை முடிந்து, விளக்கிச் சொல்லக்கூடிய மருத்துவரைக் கண்ட பிறகே அது முடிவு. தாங்கி என்று வந்தால் நீங்கள் நோயாளி அல்லர். ஒன்றுமில்லை என்று வந்தால் எல்லா நோயும் இல்லை என்று பொருளன்று. முக்கியமாக, சொந்தத்தில் மணக்க அது அனுமதிச் சீட்டாகாது. இருவரும் தாங்கிகளாக இருந்தால் மணப்பதா வேண்டாமா, மணந்தால் கருவைச் சோதிப்பதா என்பதை அவ்விருவரே முடிவு செய்யட்டும். அவர்களுக்கு நாம் தர வேண்டியது தகவல், தீர்ப்பு அன்று.

'இரத்தப் பொருத்தம்' என்ற சொல்லையும் அறிவியல் மேடைகளில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஜாதகத்தைத் துரத்த உதவும் என்று நாம் கையிலெடுத்த அச்சொல், ஜாதகத்தின் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அம்மாணவியைச் சில வாரங்களுக்குப் பின் அழைத்து, மூன்றில் இரண்டு என்ற கணக்கையும் 25-இல் 24 என்ற கணக்கையும் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். விடுமுறையில் தம்பிக்கு இரத்தம் ஏற்றப் போன நாளில் தானும் சோதித்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார். முடிவு என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.